எட்டாவது சீட்டு

சென்ற வருஷம் எங்கள் கிளையில் லாக்கர் கேட்டு ஒருவர் வந்தார். 17ஆம் எண் காலியாக இருந்தது. படிவங்களில் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அதை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டார்.

"எட்டு வேணாம் சார்" என்றார்.

"இது பதினேழு" என்றேன்.

"கூட்டினா எட்டுதானே? எட்டு சனி."

மூன்று வாரம் காத்திருந்து 19ஐ வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு எட்டைச் சனியாக்கிக் கொடுத்தது நம் பஞ்சாங்கம் அல்ல. அயர்லாந்தில் பிறந்து லண்டனில் கைரேகை பார்த்துப் பேர் வாங்கிய கீரோவின் எண் ஜோஸ்யப் புத்தகம். அது இங்கே வந்து உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நான் படித்துக்கொண்டிருந்ததும் எட்டைப் பற்றித்தான் - டாரட் சீட்டுக்கட்டில் எட்டாவது சீட்டு எது என்ற தகராறைப் பற்றி.

ஆங்கில இலக்கியம் படித்த எவரும் டாரட்டை எலியட்டின் 'பாழ்நிலம்' வழியாகத்தான் சந்திக்கிறார்கள். நானும் அப்படித்தான். கல்லூரியில் உரைநூல் சொன்னதை நம்பினேன்: புராதன எகிப்து, ரகசிய ஞானம், ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆழம். எண்ணிலிருந்து அர்த்தம் பிறக்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. சரித்திரத்தைப் புரட்டினால் அது தலைகீழாக நிற்கிறது.

*

முதலில் கட்டு. மொத்தம் 78 சீட்டுகள். கோப்பை, வாள், தடி, காசு என்று நான்கு ஜாதி, ஜாதிக்குப் பதினான்கு. இவை போக 22 படச்சீட்டுகள். இந்த 22இல் பைத்தியக்காரன் ஒருவன் தனி. மீதி 21ம் மற்ற ஜாதிகளை வெட்டுகிற துருப்புகள். நாம் இருபத்தெட்டு ஆடும்போது ஏதாவது ஒரு ஜாதியைத் துருப்பு என்று அறிவிக்கிறோம். இங்கே துருப்புக்கென்றே நிரந்தரமாகத் தனி ஜாதி. அவ்வளவுதான் வித்தியாசம். இது ஆட்டம். சூதாட்டம்கூட அல்ல, பெரும்பாலும் அரண்மனைப் பெண்களும் பிரபுக்களும் பொழுதுபோக்குக்கு ஆடியது.

வட இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது தோன்றியது. நமக்குக் கிடைக்கும் ஆரம்ப சாட்சியங்கள் ஒரு குமாஸ்தாவுக்கு மகிழ்ச்சி தருபவை. ஒன்று, பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் 1440இல் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தது. இன்னொன்று ஃபெராரா அரண்மனையின் கணக்குப் புத்தகம். 1442 பிப்ரவரியில் சக்ரமோரோ என்ற ஓவியருக்கு நான்கு 'ட்ரியோன்ஃபி' கட்டுகள் வரைந்ததற்காகப் பணம் கொடுத்த பதிவு. ட்ரியோன்ஃபி என்றால் வெற்றி ஊர்வலம். துருப்பு என்ற நம் சொல்லும் சுற்றி வளைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறது. ரகசிய ஞானத்தின் பிறப்புச் சான்றிதழ் ஒரு செலவுக் கணக்கு.

மிலான் பிரபுக்களுக்காக 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வரையப்பட்ட விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் 74 சீட்டுகள் பிழைத்திருக்கின்றன. நியூயார்க்கிலும் பெர்காமோவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. தங்கத் தகடு பதித்த அந்தத் துருப்புகளில் ஒன்றின்மேலும் எண் கிடையாது. எது எதை வெட்டும் என்பது ஆடுகிறவர்களுக்கு மனப்பாடம். பொலோன்யா நகரத்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரையிலும்கூட எண் இல்லாத துருப்புகளை வைத்துக்கொண்டுதான் ஆடினார்கள். அங்கே இன்னொரு விநோதமும் உண்டு. போப்பும் சக்ரவர்த்தியும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாக நான்கு சீட்டுகள் சம அந்தஸ்து கொண்டவை. ஒரே சுற்றில் இரண்டு விழுந்தால், கடைசியாக விழுந்தது வெல்லும். எண் போட்டால் இந்த விதியே செத்துவிடும். எண் ஜோஸ்யக்காரர்கள் பொலோன்யாவுக்குப் போகாமல் இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

ஊருக்கு ஊர் வரிசையும் மாறியது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் பிரசங்கம் இருக்கிறது. சூதைக் கண்டிக்கிற ஆவேசத்தில் துருப்புகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லிவைத்திருக்கிறார் - கண்டனக்காரர்கள்தாம் எப்போதும் சரித்திரத்துக்கு உபகாரம் செய்கிறவர்கள். அவர் வரிசையில் தராசும் வாளும் ஏந்திய 'நீதி' இருபதாவது. கடைசித் தீர்ப்பு நாளின் தேவதைக்கு அடுத்து, உலகத்துக்கு முன்னால். மிலான் மரபிலோ, அது பிரான்சுக்குப் போய் நிலைபெற்ற மார்ஸேய் கட்டிலோ, நீதி எட்டாவது. சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் பெண்ணான 'பலம்' பதினோராவது. பொலோன்யாப் பக்கத்தில் நீதி, பலம், நிதானம் மூன்று நற்குணங்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன.

இதிலிருந்து வரிசைக்கு அர்த்தமே இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இருக்கிறது. கீழே செப்பிடுவித்தைக்காரன், சக்ரவர்த்தி, போப் என்று மனித அந்தஸ்துகள். நடுவில் காதல், விதியின் சக்கரம், துறவு, தொங்குகிறவன், மரணம். அதற்கும் மேலே சாத்தான், நட்சத்திரம், சந்திரன், சூரியன், தீர்ப்பு. எந்த ஊரிலும் இந்தப் பெரிய அமைப்பு குலையவில்லை. ஒரு ஊர்வலத்தில் யாருக்குப் பின்னால் யார் என்பதில் ஒரு சமூகத்தின் மனம் முழுவதும் இருக்கிறது. ஃபெராராக்காரர்கள் நீதியைத் தூக்கி தேவதையின் பக்கத்தில் வைத்தபோது நீதியைப் பற்றி ஏதோ சொன்னார்கள். ஆனால் இருபது என்ற எண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வரிசை வேறு, எண் வேறு. இந்த வித்தியாசத்தை மறப்பதில்தான் பின்னால் வந்த கூத்தெல்லாம் ஆரம்பிக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. மரணம் எந்த வரிசையிலும் ஏறத்தாழ விடாப்பிடியாகப் பதின்மூன்றில் நிற்கிறது. பதின்மூன்றைப் பற்றிய ஐரோப்பியப் பயம் அங்கே வேலை செய்திருக்கலாம். மார்ஸேய் கட்டில் அந்தச் சீட்டுக்கு எண் மட்டும்தான், பெயர் அச்சிடப்படவில்லை. பைத்தியக்காரனுக்குப் பெயர் மட்டும்தான், எண் இல்லை. பெயர் சொல்லக் கூடாத மரணம், கணக்கில் சேராத பைத்தியம். யாரோ ஒரு மரக்கட்டை அச்சுக்காரன், தத்துவம் எதுவும் தெரியாமல், இந்தக் கட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக ஆழமான விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

*

1781இல் பாரிஸில் கூர் த ஜெப்லன் தன் 'ஆதி உலகம்' நூலின் எட்டாவது தொகுதியை வெளியிட்டார். டாரட் எகிப்தியக் கோவில்களிலிருந்து தப்பிவந்த புத்தகம் என்றார். எகிப்திய எழுத்தை அன்று படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியோன் அதற்கு வழி கண்டது 1822இல். ஜெப்லனுக்கு அது தடையாக இல்லை, அனுகூலமாக இருந்தது.

அவர் செய்த ஒரு காரியம் நினைவில் வைக்கத் தக்கது. பழைய மரபில் நற்குணங்கள் நான்கு. கட்டில் மூன்றுதான் இருக்கின்றன, விவேகத்தைக் காணோம். ஜெப்லன் தேடினார். பன்னிரண்டாவது சீட்டில் ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கும் மனிதன் கண்ணில் பட்டான். அச்சடித்தவன் அறிவில்லாமல் சீட்டைத் தலைகீழாக்கிவிட்டான் என்று சொல்லி, அவனை நிமிர்த்தி வரைந்து புத்தகத்தில் போட்டார். ஒரு காலை ஜாக்கிரதையாகத் தூக்கி நிற்கும் விவேகம்! சித்தாந்தத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. தூக்கில் தொங்கிய ஒருவன் அதில் நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. விமர்சனம் எழுதுகிற எல்லோரும் இந்தப் படத்தைச் சுவரில் மாட்டி வைக்கலாம்.

அவருக்குப் பின்னால் வந்தவர் அலியெத். தன் பெயரையே திருப்பிப் போட்டு எத்தெய்லா என்று வைத்துக்கொண்டவர். 1785இல் டாரட் குறிபார்ப்பு பற்றிப் புத்தகம் போட்டார். சில வருஷங்களில் தன் சொந்தக் கட்டையும் கொண்டுவந்தார். 78 சீட்டுகளுக்கும் ஒன்றிலிருந்து தொடர் எண் போட்டார், வரிசையைக் கலைத்து அடுக்கினார், கெட்டுப்போன எகிப்திய மூலத்தைச் சீர்செய்துவிட்டதாக அறிவித்தார். சீட்டுக்கட்டை எண்களின் புத்தகமாக்கிய முதல் மனிதர் அவர்தான். எண்கள் புராதனமானவை என்று சொல்லிக்கொண்டே அவற்றைப் புதிதாக எழுதினார்.

அடுத்து எலிஃபாஸ் லெவி. 1854-56இல் வந்த அவருடைய மந்திர நூலின் இரண்டு பாகங்களுக்கும் அத்தியாயம் 22. ஹீப்ரு எழுத்தும் 22. துருப்பும் பைத்தியக்காரனைச் சேர்த்து 22. இதைவிட வேறென்ன வேண்டும்? ஹீப்ருவில் எழுத்தே எண்ணுமாகும். ஆகவே ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எழுத்து, எழுத்தின் வழியாக ஓர் எண், எண்ணின் வழியாகப் பிரபஞ்சம். ஒரே சிக்கல் அந்த எண்ணில்லாப் பைத்தியக்காரன். அவனை லெவி கடைசிக்கு முந்தைய இடத்தில் செருகினார். ஹீப்ருவில் பத்தாம் எழுத்துக்கு மதிப்பு பத்து; பதினோராம் எழுத்துக்கு இருபது. பத்துக்கு மேல் சீட்டு எண்ணும் எழுத்தின் மதிப்பும் பொருந்தவே பொருந்தாது. இதை யாரும் பொருட்படுத்தவில்லை. தமிழில் எட்டின் பழைய வடிவம் அகரத்தின் சாயலில் இருக்கிறது. எட்டும் ஆதியும் ஒன்றே என்று இதை வைத்து ஒரு தத்துவம் கட்ட எனக்கு அரைமணி நேரம் போதும்.

*

இப்போது லண்டன். 1888இல் 'பொன் விடியல்' என்ற ரகசியச் சங்கம் தொடங்கியது. யேட்ஸ் 1890இல் சேர்ந்தார். ஏ. இ. வெய்ட் அடுத்த வருஷம். இவர்கள் பைத்தியக்காரனுக்குப் பூஜ்யம் கொடுத்து முதல் எழுத்தான ஆலெஃபில் உட்கார வைத்தார்கள். உடனே மற்ற சீட்டுகள் எழுத்துகளின்மேல் ஒவ்வோர் இடம் நகர்ந்தன. ஒரு பழைய யூத நூல் 22 எழுத்துகளை மூன்று, ஏழு, பன்னிரண்டாகப் பிரிக்கிறது. அதைப் பின்பற்றி மூன்று பூதங்கள், ஏழு கிரகங்கள், பன்னிரண்டு ராசிகள். சக்ரவர்த்திக்கு மேஷம், போப்புக்கு ரிஷபம், காதலர்க்கு மிதுனம், தேருக்குக் கடகம். அடுத்தது எட்டாம் சீட்டு, ராசி சிம்மம். அங்கே தராசோடு உட்கார்ந்திருந்தது நீதி. பதினோராம் சீட்டு, ராசி துலாம். அங்கே சிங்கத்தோடு நின்றது பலம்.

சிங்கத்துக்குத் துலாம், தராசுக்குச் சிம்மம். எவ்வளவு அழகாக ஏறுக்குமாறு! மொத்தத் திட்டமும் பொய் என்று கட்டே எழுந்து சொல்வதுபோல இருந்தது. சங்கத்தார் அதைக் கேட்கவில்லை. இரண்டு சீட்டையும் இடம் மாற்றினார்கள். பலம் எட்டு, நீதி பதினொன்று. ஆனால் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான மாதர்ஸ் அதே 1888இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட சிறு நூலில் நீதி எட்டாகவே இருந்தது. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர்.

உள்கணக்கை வெளியே விற்றவர் வெய்ட். இந்த மர்ம ஞானி அதற்கு முன் பத்து வருஷம் போல வயிற்றுப்பாட்டுக்கு வேலை பார்த்தது ஹார்லிக்ஸ் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில். காய்ச்சல்காரர்களுக்கு நம் வீடுகளில் கரைத்துக் கொடுக்கிறோமே, அதே ஹார்லிக்ஸ். அந்தக் கம்பெனியின் பத்திரிகையையும் அவர் நடத்தினார். 1909 டிசம்பரில் ரைடர் பிரசுரம் அவருடைய கட்டை வெளியிட்டது. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலை, மிகச் சொற்பப் பணம் என்று அந்த வருஷம் நியூயார்க்கிலிருந்த ஸ்டிக்லிட்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். வெறும் கோப்பையும் வாளும் எண்ணிக்கைக்கு அடுக்கியிருந்த எண் சீட்டுகளில் மனிதர்களையும் கடலையும் வீடுகளையும் கொண்டுவந்தது இந்தப் பெண்மணி. இன்று உலகமெங்கும் சீட்டைப் பார்த்துக் குறிசொல்கிறவர்கள் உண்மையில் வாசிப்பது எண்ணை அல்ல, ஸ்மித் வரைந்த முகங்களை. 1951இல் அவர் கடனோடு செத்துப்போனார்.

இந்தக் கட்டில்தான் பலம் எட்டாக அச்சேறியது. காரணம்? வெய்ட் தன் விளக்க நூலில் சொல்வது இவ்வளவுதான்: தனக்குத் திருப்தியான காரணங்கள் இருக்கின்றன, வாசகருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை, ஆகவே விளக்கம் தேவையில்லை. சங்கத்தின் ரகசியப் பிரமாணம் வாயைக் கட்டியது என்பது புரிகிறது. ஆனால் அதே நூல், சீட்டில் பூஜ்யம் என்று அச்சிட்ட பைத்தியக்காரனை லெவியைப் போல 20க்கும் 21க்கும் நடுவில் வைத்துப் பேசுகிறது. பின்னால் அலைஸ்டர் க்ரௌலி, ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தன் கட்டில் நீதியை மறுபடி எட்டுக்கே கொண்டுவந்தார். பெயரை மட்டும் மாற்றினார், 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று. வங்கியில் கணக்கு இடிக்கும்போது நாங்கள் போடுகிற பதிவுக்கும் அதே பெயர்.

*

இனி இதன் விளைவு. டாரட்டோடு எண் கணிதத்தைச் சேர்த்து இன்று பரவலாகச் செய்யப்படுவது இது. பிறந்த தேதி, மாதம், வருஷத்தைக் கூட்ட வேண்டும். வந்த தொகையின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். 22க்குள் வந்த எண்ணின் சீட்டு உங்களுடையது. அதையும் ஒற்றை இலக்கமாக்கினால் அதன் அடியில் இருக்கும் சீட்டும் உங்களுடையது. மரணம் பதின்மூன்று, ஒன்றும் மூன்றும் நான்கு, ஆகவே மரணத்துக்கு அடியில் சக்ரவர்த்தி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல உவமை என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு தேதியை எடுத்துக்கொண்டு நானும் செய்துபார்த்தேன். 15, 8, 1947. கூட்டினால் 1970. இலக்கங்களைக் கூட்டினால் 17: நட்சத்திரம். இருட்டில் குடத்து நீரைக் கவிழ்க்கும் நிர்வாணப் பெண்; நம்பிக்கையின் சீட்டு என்பார்கள். நள்ளிரவில் பிறந்த தேசத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது என்று ஒரு கணம் எனக்கே புல்லரித்தது. பிறகு 17ஐக் கூட்டினேன். எட்டு.

மார்ஸேய் கட்டை எடுத்தால் நம் சுதந்திரத்துக்கு அடியில் இருப்பது நீதி. லண்டன் கட்டை எடுத்தால் பலம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எந்தக் கட்டு மேஜைமேல் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு தேசத்தின் அடியில் நீதி இருக்கிறது அல்லது பலம் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதிலை யாரோ சில லண்டன்வாசிகள் ராசிச் சக்கரம் இடித்தது என்பதற்காகச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மக்கள் கூட்டிக் கூட்டிப் பார்த்துத் தங்கள் விதியைத் தெரிந்துகொள்கிறார்கள்.

எண் அர்த்தம் தரவில்லை. அர்த்தம்தான் எண்ணை நகர்த்தியது, நகர்த்திய தடத்தை அழித்தது, பிறகு எண்ணே பேசுவதாகச் சொன்னது. இதையெல்லாம் ஆவணங்களோடு பிரித்துவைத்த முக்கியமானவர் மைக்கேல் டம்மெட். 1980இல் வந்த அவருடைய 'டாரட் ஆட்டம்' என்ற பெரிய நூலில் ஊர் ஊராக வரிசைகள் நிறுவப்பட்டிருக்கின்றன. எண் என்றால் என்ன என்று வாழ்நாள் முழுதும் கேட்ட ஃப்ரேகெயின் தத்துவத்துக்கு உரை எழுதியவரும் அவர்தான். எண்ணைப் பற்றி உண்மையாக யோசித்த ஒருவர் இந்தச் சீட்டுகளில் கண்டது ஆட்டத்தை மட்டும்தான். அதை அவமதிப்பாகவும் அவர் நினைக்கவில்லை.

*

எலியட்டுக்கு வருகிறேன். 1917இலிருந்து 1925 வரை அவர் லாய்ட்ஸ் வங்கியில் குமாஸ்தா. 'பாழ்நிலம்' 1922. கவிதையில் குறிசொல்கிறவள் விரிக்கும் சீட்டுகளில் சில எந்தக் கட்டிலும் கிடையாது. அவருடைய சொந்தக் குறிப்பில் எலியட் இதை ஒப்புக்கொள்கிறார்: கட்டின் சரியான அமைப்பு எனக்குத் தெரியாது, என் வசதிக்குத் தகுந்தபடி விலகியிருக்கிறேன் என்று. 1956இல் ஒரு சொற்பொழிவில், அந்தக் குறிப்புகளால் பலரை டாரட்டின் பின்னால் அலையவிட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார். வெய்ட்டும் மாற்றினார், எலியட்டும் மாற்றினார். வங்கியில் ஒரு வவுச்சரில் இலக்கத்தை அடித்து எழுதினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். எலியட் கையெழுத்துப் போட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான்.

விமர்சனத்தில் நாம் செய்வது என்ன? மூன்று வருஷத்துக்கு முன் நம் கவிஞர் ஒருவரின் தொகுப்பைப் பற்றி எழுதினேன். அவருடைய கவிதை படிமத்திலிருந்து பேச்சுக்கு வந்து சேர்ந்த பயணம் என்பது என் வாதம். ஒரு கவிதை இடித்தது. அப்பட்டமான பேச்சு, ஆனால் ஆரம்ப காலத்தது. அதைக் கடைசிக் கவிதைகளோடு சேர்த்து வைத்துப் பேசினேன். தேதி சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கட்டுரை நன்றாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள். அந்தக் கவிஞர் ஒன்றும் சொல்லவில்லை.

லாக்கர் வேண்டாம் என்றவரை நான் பரிகசிக்க முடியாது. தனக்கு எட்டு ஆகாது என்று அவர் வாய்விட்டுச் சொன்னார், காத்திருந்தார், வேறு எண் வாங்கினார். என் கட்டுரையில் நான் அதைக்கூடச் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்: அந்தக் கவிதை அவருடைய முதல் வருஷங்களில் எழுதப்பட்டது. அது அங்கேயே இருக்கட்டும். என் வாதம் அந்த அளவுக்குப் பிழை.